எல்லை கடந்த இல்லறம்
ஐரோப்பியக் குடிமக்களின் பிறநாட்டு வாழ்க்கைத்துணைவரும் குடிவரவுச் சட்டமும்

பொருள் தேடிப் பிரிதலும் பிரிந்தோர் மீண்டும் கூடுதலும் தமிழ் அகப்பொருள் மரபின் நடுநாயகமான செய்திகள். கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. பொருளீட்டச் செல்பவன் தனித்தே செல்வான். இல்லாள் அவன் வரவு நோக்கி ஆற்றியிருப்பாள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா இதே பிரிவைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்க நேர்ந்தது. வேலை தேடி எல்லை கடக்கும் தொழிலாளி தன் வாழ்க்கைத்துணையை உடனழைத்துச் செல்லலாமா? அத்துணைவர் ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்து வேற்றுநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராயின் எந்த அரசின் விதி அவரை ஆளும்? இவ்வினாக்களுக்கு அறுபது ஆண்டுகளாக உருவாகி வந்த விடை ஒரு விந்தையைத் தன்னுள் கொண்டுள்ளது. தாய்நாட்டை விட்டு நீங்காத குடிமகனுக்குக் கிட்டாத குடும்ப உரிமை, அதை விட்டு நீங்கிய குடிமகனுக்குக் கிட்டியது. அவ்விந்தை தோன்றிய விதத்தையும், அதனால் வாழ்ந்தோர், அலைந்தோர் கதையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கணவனைப் பின்தொடர்ந்த குடியுரிமை

பழைய ஐரோப்பாவில் இக்கேள்வி பெரும்பாலும் எழவே இடமில்லை. மனைவி எந்நாட்டினள் என்பதைக் கணவனின் நாடே முடிவு செய்தது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, பிரெஞ்சுக்காரனை மணக்கும் வேற்றுநாட்டுப் பெண் கணவனின் நிலையை அடைவாள் என்றும், வேற்றுநாட்டவனை மணக்கும் பிரெஞ்சுப் பெண்ணும் அவ்வாறே கணவனின் நிலையை அடைவாள் என்றும் விதித்தது. பிரிட்டன் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நெறியை முழுமையாக ஏற்றது. ஒரு குடும்பத்திற்கு ஒரே குடியுரிமை என்பது அக்காலக் கோட்பாடு. அக்கோட்பாட்டில் மனைவிக்கு நுழைவிசைவு தேவைப்படவில்லை; தனக்கென ஒரு நாடும் அவளுக்கு இருக்கவில்லை.

இதன் கொடுமை முதல் உலகப் போரின்போது வெளிப்பட்டது. ஜெர்மானியரை மணந்திருந்த பிரிட்டிஷ் பெண்கள், பிறந்து வளர்ந்த ஊரிலேயே பகைநாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்களாயினர். பெண்கள் இயக்கங்கள் இதனை எதிர்த்து நெடுங்காலம் போராடின. பிரான்சு 1927இல் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டனில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1949 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோதே இந்நிலை மாறியது. திருமணம் ஒரு பெண்ணின் குடியுரிமையைத் தானாகவே மாற்றலாகாது என்பதை 1957ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை உலக நெறியாக்கியது.

பெண்ணின் குடியுரிமை பெண்ணுக்கே உரியதாயிற்று. இஃது ஐயமற்ற முன்னேற்றம். ஆயினும் இம்முன்னேற்றத்தோடு ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. ஒரு கூரையின் கீழ் இரு கடவுச்சீட்டுகள் இருக்கலாம் என்றானபின், அக்கூரை எந்நாட்டில் அமையலாம் என்பதைக் குடிவரவு அதிகாரி கேட்கத் தொடங்கினார்.

நிலக்கரிச் சுரங்கமும் உரோம் ஒப்பந்தமும்

போருக்குப் பிந்தைய மேற்கு ஐரோப்பாவுக்குத் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1946இல் இத்தாலியும் பெல்ஜியமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இத்தாலி ஆட்களை அனுப்பியது; பெல்ஜியம் நிலக்கரியை அனுப்பியது. அவ்வாறு சென்றவர்கள் எத்தகைய வாழ்வை வாழ்ந்தனர் என்பதை 1956 ஆகஸ்ட் 8ஆம் நாள் மார்சினெல் சுரங்கத்தில் மூண்ட தீ உலகுக்கு உணர்த்தியது. அவ்விபத்தில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர். இந்நிகழ்ச்சி நடந்து எட்டுத் திங்கள் கழியுமுன், 1957 மார்ச் 25ஆம் நாள், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் உரோம் நகரில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைத் தோற்றுவித்தன. ஓர் உறுப்பு நாட்டுத் தொழிலாளி மற்றோர் உறுப்பு நாட்டில் தடையின்றிச் சென்று உழைக்கலாம் என்பது அவ்வொப்பந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று.

தொழிலாளி மனிதன், அவனுக்குக் குடும்பம் உண்டு. மனைவி மக்களைப் பிரிந்துதான் வேலைக்கு வரவேண்டும் என்றால் பலர் வரமாட்டார்கள். வந்தவர்களும் நிலைக்க மாட்டார்கள். ஆகவே 1968 அக்டோபர் 15ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட 1612/68 என்னும் ஒழுங்குவிதி, தொழிலாளியின் வாழ்க்கைத்துணைவரும், 21 வயதுக்குட்பட்ட அல்லது அவரைச் சார்ந்து வாழும் மக்களும், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அவருடன் குடியமரலாம் என்று உறுதியளித்தது. துணைவர் அங்கு வேலை செய்யவும் உரிமை பெற்றார். தொழிலாளி அவ்வட்டாரத்து உள்நாட்டுத் தொழிலாளருக்கு இயல்பானதெனக் கருதப்படும் வீட்டு வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை.

அவ்விதியில் 'எந்நாட்டினராயினும்' என்ற பொருள்படும் ஒரு தொடர் இடம்பெற்றிருந்தது. குடும்பத்தினர் ஐரோப்பியராக இருத்தல் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இச்சிறு தொடர்தான் பின்னாளில் செனகல், இந்தியா, பிலிப்பைன்சு, காமரூன் முதலிய நாடுகளைச் சேர்ந்த கணவன்மாருக்கும் மனைவியருக்கும் ஐரோப்பாவின் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அவ்வுரிமை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. அது துணைவருக்கு நேராக அளிக்கப்பட்ட உரிமையன்று. தொழிலாளி தயக்கமின்றி இடம்பெயர வேண்டும் என்பதற்காக அவர்வழி அளிக்கப்பட்ட சார்புரிமை. இத்துறையின் நன்மைகளும் இன்னல்களும் அனைத்தும் இவ்வொரு வேரிலிருந்து கிளைத்தவை.

இருந்த இடத்தில் இருந்தோர்

1973 சனவரி முதல் நாள் பிரிட்டனும் அயர்லாந்தும் டென்மார்க்கும் இச்சமூகத்தில் இணைந்தன. அப்போது வெளிநாட்டுத் துணைவரைக் கொண்ட பிரிட்டிஷ் குடிமக்களின் நிலை கடினமாகிக்கொண்டிருந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வரும் மணமக்களை ஐயத்துடன் நோக்குவது நிருவாகத்தின் இயல்பாகிவிட்டிருந்தது. 1979 சனவரியில் திருமணத்திற்காக இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இந்திய ஆசிரியை 'கன்னித்தன்மைச் சோதனை'க்கு உட்படுத்தப்பட்டார். பிப்ரவரித் தொடக்கத்தில் 'கார்டியன்' நாளிதழ் அதனை வெளிப்படுத்தியதும் கடுமையான கண்டனம் எழுந்தது. அச்சோதனை கைவிடப்பட்டது, அதற்குப் பின்னிருந்த ஐயம் கைவிடப்படவில்லை.

1980களில் 'முதன்மை நோக்க விதி' என்பது வலுப்பெற்றது. பிரிட்டனில் குடியேறுவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? மணவாழ்வு உண்மையானது என்று அதிகாரி ஏற்றுக்கொண்ட பின்னரும், நோக்கம் ஐயத்திற்குரியது என்று கூறி விண்ணப்பத்தை மறுக்க முடிந்தது. பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்கள் இவ்விதியால் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1997 சூனில்தான் இவ்விதி நீக்கப்பட்டது.

பிரிட்டனில் நிலையாகக் குடியமர்ந்திருந்த மூன்று பெண்கள், மனைவியை அழைக்கும் ஆண்களுக்குள்ள வசதி கணவனை அழைக்கும் தங்களுக்கு இல்லையென்று ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டனர். 1985 மே 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆண் பெண் வேறுபாடு காட்டியது தவறு என்று நீதிமன்றம் கண்டது. அதே வேளையில், மணமக்கள் தாம் வாழ விரும்பும் நாட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமையைக் குடும்ப வாழ்வுரிமை தானாகவே வழங்குவதில்லை என்றும் கூறியது. பிரிட்டிஷ் அரசு இத்தீர்ப்பை நிறைவேற்றிய விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. பெண்களுக்கு ஆண்களின் வசதியை அளிப்பதற்கு மாறாக, கணவன்மாருக்கிருந்த தடைகளை மனைவியருக்கும் விரித்தது. சமத்துவம் கிட்டியது; ஆனால் அது தடையில் கிட்டிய சமத்துவம்.

இவ்விடத்தில் ஐரோப்பியச் சமூகச் சட்டம் உள்நாட்டுக் குடிமக்களுக்குக் கைகொடுக்குமா என்ற கேள்வி எழுந்தது. கைகொடுக்காது என்பதை லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1982 அக்டோபர் 27ஆம் நாள் ஒரு நெதர்லாந்து வழக்கில் தெளிவாக்கியது. சூரினாம் நாட்டுத் தாயர் இருவர் நெதர்லாந்தில் வேலை செய்த தம் மக்களுடன் வாழ விரும்பினர். அம்மக்கள் டச்சுக் குடியுரிமை உடையவர்கள். பிற உறுப்பு நாட்டில் அவர்கள் வேலை செய்ததில்லை. எனவே இது முற்றிலும் உள்நாட்டு விவகாரம். சமூகச் சட்டம் இதில் தலையிடாது என்று நீதிமன்றம் முடிவு கூறியது. அதே நெதர்லாந்தில் ஓர் இத்தாலியரோ பெல்ஜியரோ வேலை செய்திருந்தால், தம்மைச் சார்ந்து வாழும் தாயை அவர் வரவழைத்திருக்கலாம். சொந்த நாட்டில் குடிமகன் அந்நியனைவிடக் குறைந்த உரிமை உடையவனாக நின்றான். சட்ட நூலோர் இதனைத் தலைகீழ் வேற்றுமை என்பர்.

பிராட்ஃபோர்டில் தொடங்கிய வழக்கு

இத்தலைகீழ் நிலையில் ஒரு வாயிலைத் திறந்தது, சட்ட வரலாற்றில் சுரிந்தர் சிங் வழக்கு என வழங்கும் வழக்கு. இந்தியக் குடிமகன் ஒருவர் 1982இல் பிராட்ஃபோர்டு நகரில் பிரிட்டிஷ் குடிமகள் ஒருவரை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை செய்தனர். 1985 இறுதியில் பிரிட்டன் திரும்பித் தொழில் தொடங்கினர். கணவர் என்ற முறையில் அவருக்கு வரையறுத்த காலம் தங்கும் இசைவு வழங்கப்பட்டது. 1987இல் மணமுறிவுக்கான இடைக்கால ஆணை பிறந்ததும் அவ்விசைவு குறைக்கப்பட்டது. நிலையான வதிவுரிமை மறுக்கப்பட்டது. 1988 திசம்பரில் அவரை நாடு கடத்த முடிவாயிற்று. மணமுறிவு 1989இல்தான் முழுமை பெற்றது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, அரசு உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்நீதிமன்றம் லக்சம்பர்க்கின் கருத்தைக் கேட்டது. பிரிட்டிஷ் குடிமகள் தன் நாட்டுக்குள் நுழைவது தன் நாட்டுச் சட்டப்படியே. அதில் சமூகச் சட்டத்திற்கு வேலையில்லை என்பது அரசின் வாதம். 1992 சூலை 7ஆம் நாள் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. அயல்நாடு சென்று உழைத்த ஒருவர், திரும்பி வரும்போது தம் துணைவரை உடனழைத்து வர இயலாதெனில், முதலில் புறப்படவே தயங்குவார். ஆகவே, பிற உறுப்பு நாட்டில் அவருக்கு இருந்ததற்குக் குறையாத குடும்ப உரிமை தாய்நாட்டுக்குத் திரும்பும்போதும் இருத்தல் வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுவே. ஏமாற்றையும் முறைகேட்டையும் அரசுகள் தடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நீதிமன்றம் சேர்த்துரைத்தது.

மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த ஒருவரின் வழக்கே, மணவாழ்வைக் காக்க விரும்பிய ஆயிரக்கணக்கானோருக்கு வழியமைத்தது என்பது வரலாற்றின் முரண். தாய்நாட்டில் துணைவருக்கு இசைவு கிட்டாத பிரிட்டிஷ் குடிமக்கள் அயர்லாந்து முதலிய நாடுகளில் சில காலம் வாழ்ந்து உழைத்துத் துணைவரோடு திரும்பினர். வழக்காடியவரின் பெயரே அவ்வழிக்குப் பெயராயிற்று.

ஒரே தெரு, இருவேறு சட்டம்

இவ்வேறுபாடு தமிழருக்கும் தொலைவான செய்தியன்று. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் புதுச்சேரிப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் காரைக்காலில் தம் தெருவைச் சேர்ந்த இந்தியப் பெண்ணை மணப்பதாகக் கொள்வோம். அவர் பாரிசிலேயே வாழ்ந்து வருபவராயின், மனைவியின் வருகையைப் பிரெஞ்சு நாட்டுச் சட்டம் ஆளும். அவர் ஹம்பர்க்கிலோ பிரசெல்சிலோ வேலை செய்பவராயின், ஐரோப்பியச் சட்டம் ஆளும். மணமகளும் மணமகனும் அவர்களே, தாலியும் அதுவே. மாறியது கணவரின் வேலையிடம் மட்டுமே.

ஜெர்மனி 2007இல் புகுத்திய மொழி விதி இதனை மேலும் தெளிவாக்கும். ஜெர்மன் குடிமகனை மணந்த இந்தியப் பெண், பொதுவாக, புறப்படுமுன் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோத்தே நிறுவனத்தில் அத்தேர்வுக்குப் படித்த புதுமணப் பெண்கள் பலர். ஆனால் ஜெர்மனியில் வேலை செய்யும் பிரெஞ்சுக் குடிமகனின் இந்திய மனைவியிடம் அச்சான்று கேட்கப்படுவதில்லை. ஜெர்மானியரின் மனைவி ஜெர்மன் கற்று வரவேண்டும்; பிரெஞ்சுக்காரரின் மனைவி அவ்வாறே வரலாம்.

மற்றொரு முரணும் உண்டு. ஐரோப்பியக் குடியுரிமை இல்லாமல் அங்கு முறைப்படி வாழ்வோர் குடும்பத்தை அழைப்பதற்கான குறைந்தபட்ச உரிமைகளை 2003ஆம் ஆண்டின் 2003/86 என்னும் நெறியாணை வரையறுத்தது. அது ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தினருக்குப் பொருந்தாது என்று அந்நெறியாணையே கூறுகிறது. இடம்பெயர்ந்த குடிமகனுக்கு ஒரு சட்டம், குடியேறிய அந்நியருக்கு ஒரு சட்டம். தன் ஊரிலேயே வாழும் குடிமகன் மட்டும் தன் நாட்டு அரசின் விருப்பத்திற்கு விடப்பட்டான்.

பாலத்தின் இரு கரைகள்

1992 பிப்ரவரியில் மாஸ்டிரிக்டில் கையெழுத்தான ஒப்பந்தம் 1993 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 'ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன்' என்னும் நிலையைத் தோற்றுவித்தது. தொழிலாளிக்கு உரியதாக இருந்தது மெல்லக் குடிமகனுக்கு உரியதாகத் தொடங்கியது. 2002 சூலையில் இரண்டு முக்கியத் தீர்ப்புகள் வந்தன. கார்ப்பென்டர் வழக்கில், பிரிட்டனிலேயே வாழ்ந்து பிற உறுப்பு நாட்டு வாடிக்கையாளருடன் தொழில் செய்த ஒருவரின் பிலிப்பைன்சு மனைவியை வெளியேற்றுவது, அவர் தொழிலுக்கும் குடும்ப வாழ்வுக்கும் இடையூறாகும் எனப்பட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், தம் அடையாளத்தையும் மண உறவையும் மெய்ப்பிக்கும் துணைவரை விசா இல்லை என்ற ஒரே காரணத்திற்காக எல்லையில் திருப்பியனுப்புதல் கூடாது எனப்பட்டது.

ஆனால் 2003 செப்டம்பரில் அக்ரிச் வழக்கில் நீதிமன்றம் சற்றே பின்வாங்கியது. துணைவர் முன்னரே ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி வாழ்ந்திருந்தால்தான் இவ்வுரிமை உண்டு என்றது. அரசுகள் இதனை இறுகப் பற்றிக்கொண்டன.

இக்காலத்தில் டென்மார்க் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையான விதிகளுள் ஒன்றை இயற்றியது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுத் துணைவரை அழைக்க இருவருக்கும் 24 வயது நிறைந்திருத்தல் வேண்டும்; இருவருக்கும் பொதுவாக டென்மார்க்குடனுள்ள பற்று வேறெந்த நாட்டுடனும் உள்ளதைவிட மிகுந்திருத்தல் வேண்டும். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2000 சூலை முதல் நாள், கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோ நகரையும் இணைக்கும் ஓரெசுண்டுப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. வணிகத்திற்காகக் கட்டிய அப்பாலம் மணவாழ்வுக்கும் பயன்பட்டது. டேனியர் பலர் மால்மோவில் வீடெடுத்து, வெளிநாட்டுத் துணைவருடன் அங்கு வாழ்ந்து, நாள்தோறும் பாலம் கடந்து கோபன்ஹேகனுக்கு வேலைக்குச் சென்றனர். ஸ்வீடனில் அவர்கள் இடம்பெயர்ந்த ஐரோப்பியர். ஐரோப்பியச் சட்டம் அவர்களைக் காத்தது. அவ்வாறு மால்மோவில் குடியேறிய ஓர் இணையரின் முறையீட்டில், டென்மார்க்கின் பற்று விதி செயற்பட்ட முறை இனப்பிறப்பின் அடிப்படையில் மறைமுகமாக வேற்றுமை காட்டுகிறது என்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2016 மே 24ஆம் நாள் தீர்ப்பளித்தது.

அக்ரிச் தீர்ப்பின் ஆயுள் நீளவில்லை. அயர்லாந்தில் அடைக்கலம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கர் நால்வர், அங்கு வாழ்ந்த பிற உறுப்பு நாட்டுக் குடிமக்களை மணந்திருந்தனர். முன்னரே வேறோர் உறுப்பு நாட்டில் முறைப்படி வாழ்ந்திராமையால் அவர்களுக்கு வதிவிட அட்டை மறுக்கப்பட்டது. 2008 சூலை 25ஆம் நாள் மெட்டாக் வழக்கில் நீதிமன்றம் தன் முந்தைய முடிவைத் தானே மாற்றியது. துணைவர் எங்கிருந்து வந்தார், எவ்வாறு நுழைந்தார், திருமணம் எப்போது எங்கு நடந்தது என்பவை பொருட்டல்ல. உண்மையான மண உறவும் குடிமகனின் இடப்பெயர்வுமே பொருட்டு என்றது. டென்மார்க்கில் இத்தீர்ப்பு பெரும் அரசியல் புயலை எழுப்பியது.

கொழுகொம்பும் கொடியும்

மெட்டாக் தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது 2004 ஏப்ரல் 29ஆம் நாளிட்ட 2004/38 என்னும் நெறியாணை. அதுவரை பல ஆணைகளில் சிதறிக் கிடந்தவற்றை அது ஒன்று திரட்டியது. உறுப்பு நாடுகள் அதனை 2006 ஏப்ரல் 30க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். அதன்படி, வேற்று உறுப்பு நாட்டுக்குச் செல்லும் ஐரோப்பியக் குடிமகனுடன் வரும் துணைவருக்கு விசா தேவைப்படின் அதனைக் கட்டணமின்றியும் விரைவாகவும் வழங்க வேண்டும். மூன்று திங்களுக்கு மேல் தங்க, குடிமகன் வேலையோ தனித்தொழிலோ செய்பவராகவோ, தன் செலவுக்குப் போதிய பொருளும் மருத்துவக் காப்பீடும் உடையவராகவோ இருத்தல் வேண்டும், மாணவர்க்கும் இடமுண்டு. துணைவர் விண்ணப்பித்த ஆறு திங்களுக்குள் வதிவிட அட்டை தரப்பட வேண்டும். பொதுவாக அது ஐந்தாண்டு செல்லும். ஐந்தாண்டு தொடர்ந்து முறைப்படி வாழ்ந்தபின் நிலையான வதிவுரிமை கிட்டும். போலித் திருமணத்தால் பெற்ற உரிமையை அரசு பறிக்கலாம்.

சார்புரிமையின் நலிவு, இல்லறம் முறியும்போதுதான் தெரியும். கொழுகொம்பு சாயின் கொடியும் சாயும். பிரெஞ்சுக்காரரை மணந்து பெர்லினில் வேலை செய்த செனகல் பெண் ஒருவர், கணவரைப் பிரிந்து தனி வீட்டில் வாழ்ந்தமையால் வதிவுரிமை மறுக்கப்பட்டார். 1985 பிப்ரவரி 13ஆம் நாள் டயட்டா வழக்கில், மணமக்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாக வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. உரிய அதிகாரம் மணமுறிவு அளிக்கும்வரை மண உறவு நிலைத்திருக்கிறது என்று நீதிமன்றம் விளக்கியது. எனினும், மணமுறிவுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு அன்று விடையில்லை.

2004ஆம் ஆண்டு நெறியாணை அவ்விடையை ஓரளவு தந்தது. மணவாழ்வு மூன்றாண்டு நீடித்து, அதில் ஓராண்டேனும் அந்நாட்டில் கழிந்திருந்தால், மணமுறிவுக்குப் பின்னும் துணைவர் தங்கலாம். குழந்தையின் பொறுப்பு அவரிடம் இருந்தாலும், இல்லத்து வன்முறைக்கு அவர் ஆளாகியிருந்தாலும் அவ்வாறே. குடிமகன் இறக்க நேரின், அதற்கு முன் ஓராண்டு அந்நாட்டில் வாழ்ந்திருந்த துணைவரின் உரிமை அழியாது. கொடி தன் வேரை ஊன்றிக்கொள்ள இவ்விதிகள் மண் தந்தன.

அம்மண்ணின் ஆழம் எவ்வளவு என்பதைப் பெயரால் ஒத்த மற்றொரு சிங் வழக்கு 2015 சூலை 16ஆம் நாள் காட்டியது. இந்தியர், காமரூனியர், எகிப்தியர் என மூன்று கணவன்மார் அயர்லாந்தில் ஐரோப்பிய மனைவியருடன் வாழ்ந்தனர். மனைவியர் முதலில் அயர்லாந்தை விட்டு நீங்கி, அதன் பின்னரே மணமுறிவு கோரினர். மணமுறிவு நடவடிக்கை தொடங்கும்போது குடிமகன் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும்; அவர் முன்னரே நீங்கிவிட்டால் துணைவரின் உரிமையும் நீங்கிவிடுகிறது என்று நீதிமன்றம் தீர்த்தது. விட்டுச் சென்றவரின் பயண நாள், விடப்பட்டவரின் வாழ்நாளை முடிவு செய்தது. அக்கணவன்மாருக்கு எஞ்சியது உள்நாட்டுச் சட்டம் காட்டக்கூடிய இரக்கம் மட்டுமே.

வாயில் மூடிய தீவு

2012 சூலையில் பிரிட்டன், வெளிநாட்டுத் துணைவரை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் வேண்டும் என்று விதித்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அன்பின் அளவைக் கேட்டது முதன்மை நோக்க விதி. வருமானத்தின் அளவைக் கேட்டது இவ்விதி. வருமானம் குன்றியோர் பலர் சுரிந்தர் சிங் வழியை நாடினர். 2014 முதல், குடிமகனின் வாழ்வின் மையம் உண்மையாகவே அயல்நாட்டுக்கு மாறியிருந்ததா என்று அரசு ஆராயத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள், குறுகிய வருகைகள் போதா. மூன்று திங்களுக்கு மேற்பட்ட முறையான, உண்மையான குடியிருப்பு வேண்டும் என்று லக்சம்பர்க் நீதிமன்றமும் கூறியது.

2016 சூன் 23ஆம் நாள் பொது வாக்கெடுப்பின்படி பிரிட்டன் 2020 சனவரி 31ஆம் நாள் ஒன்றியத்தை விட்டு விலகியது. இடைக்காலம் 2020 திசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் துணைவருடன் வாழ்ந்திருந்த பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும் பழைய வழி 2022 மார்ச் 29 வரை திறந்திருந்தது. பிராட்ஃபோர்டில் தொடங்கிய வழி, பிரிட்டனைப் பொறுத்தவரை அன்றோடு அடைபட்டது. பிற நாடுகளில் அஃது இன்றும் திறந்தே உள்ளது. 2018 சூன் 5ஆம் நாள் கோமன் வழக்கில் அது மேலும் அகன்றது. பிரசெல்சில் மணந்துகொண்ட ருமேனியர் ஒருவரும் அவருடைய அமெரிக்கக் கணவரும் ருமேனியாவில் வாழ விரும்பினர். துணைவர் என்ற சொல் ஆண் பெண் வேறுபாடு கடந்தது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை உள்நாட்டில் ஏற்காத நாடும் வதிவுரிமைக்காக அதனை ஏற்றாக வேண்டும் என்று நீதிமன்றம் உரைத்தது.

இன்றுள்ள வழிகள்

இவ்வரலாற்றின் விளைவாக, ஐரோப்பியக் குடிமகனின் பிறநாட்டுத் துணைவர் முன் இன்று நான்கு வழிகள் உள்ளன. குடிமகன் தன் நாடல்லாத உறுப்பு நாட்டில் வாழ்ந்தால், 2004ஆம் ஆண்டு நெறியாணை துணைவரைக் காக்கும். அவ்வாறு வாழ்ந்து தாய்நாடு திரும்பினால், 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு காக்கும். தாய்நாட்டை விட்டு நீங்காதவராயின் அந்நாட்டுச் சட்டமே வழி. வயது, வருமானம், வீடு, மொழி என அது நாட்டுக்கு நாடு வேறுபடும். நான்காவது வழி குழந்தை வழியானது. பெற்றோரை வெளியேற்றினால் ஐரோப்பியக் குடியுரிமை கொண்ட குழந்தையும் ஒன்றியத்தை விட்டே நீங்க நேரிடும் எனில், பெற்றோர் தங்கலாம் என்று 2011 மார்ச் 8ஆம் நாள் சாம்பிரானோ வழக்கில் தீர்ப்பாயிற்று. இறுதிப் புகலிடமாகிய இவ்வழி மிகக் குறுகியது.

முதல் இரு வழிகளும் நடப்பவருக்கே உரியவை. இளையோர், மொழி அறிந்தோர், எங்கும் பிழைக்கவல்ல கைத்திறன் உடையோர் நடப்பர். முதிய தாயைப் பேணுபவர், சிறு கடை நடத்துபவர், பள்ளி செல்லும் குழந்தை உடையவர், நோயாளி ஆகியோர் நடக்க இயலாதோர். இவர்களின் இல்லறம் பிற மூவர் இல்லறத்தைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும், சந்தைக்குத் தொழிலாளரைத் திரட்டப் பிறந்த சட்டம், அசையும் கால்களையே குடும்பத்தின் சான்றாகக் கொண்டது. அதனால் பலர் நன்மை அடைந்தனர். அந்நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. 1968இல் எழுதப்பட்ட ஒரு சிறு தொடர், பிரிந்திருக்க வேண்டியவர்களை ஒன்றாக வாழவைத்தது. ஆனால் கணவனும் மனைவியும் கூடி வாழ்வதற்கு அவர்கள் கணவனும் மனைவியுமாக இருப்பதே போதும் என்ற நிலையை ஐரோப்பா இன்னும் எய்தவில்லை. அந்நிலையை எய்தும்வரை, சொந்த ஊரில் சேர்ந்து வாழ்வதற்காகச் சொந்த ஊரை விட்டுச் செல்வோர் இருந்துகொண்டே இருப்பர்.